வெள்ளெழுத்தும் மலிவு விலை மூக்குக்கண்ணாடியும்

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அருகில் உள்ள எழுத்தும் சிறு பொருள்களும் மங்கலாகத் தெரியத் தொடங்குவதை வெள்ளெழுத்து என்பர். சாளேசுரம் என்பது இதன் பழைய பெயர். இது நோயன்று, வயது ஏறும்போது எல்லாக் கண்களிலும் ஏற்படும் மாற்றமாகும். இதற்குத் தீர்வு ஒரு சாதாரண மூக்குக்கண்ணாடி. எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் அறிந்த தீர்வு இது. மொத்தமாகத் தயாரித்தால் ஒரு கண்ணாடிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆயினும் உலகில் கோடிக்கணக்கான முதியோர் அந்தக் கண்ணாடி இல்லாமலே வேலை செய்கின்றனர், அல்லது வேலையை விட்டுவிடுகின்றனர். அதற்கான காரணங்களையும், தமிழ்நாட்டிலும் பிற நாடுகளிலும் நடந்துள்ள முயற்சிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விருத்தாசலம்: கண்ணை நம்பிய தொழில்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த ஊர் விருத்தாசலம். விருத்தம் என்றால் முதுமை, அசலம் என்றால் மலை. பழமலை, திருமுதுகுன்றம் என்பவை இவ்வூரின் பழைய தமிழ்ப் பெயர்கள். விருத்தகிரீசுவரர் கோயிலால் அறியப்பட்ட இவ்வூர், கடந்த நூற்றாண்டில் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. அருகில் உள்ள நெய்வேலிப் பகுதியில் கிடைக்கும் களிமண் இத்தொழிலுக்கு உதவியாக அமைந்தது. பீங்கான் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம், அரசுத் துறையின் கல்குழாய்த் தொழிற்சாலை ஆகியவை இவ்வூரில் உருவாயின. சிறு கூடங்களில் அகல் விளக்கு, பொம்மை, மின்சாரப் பியூஸ் கட்டை போன்றவை செய்யப்படுகின்றன.

பீங்கான் வேலையின் படிநிலைகளைப் பார்த்தால் கண்ணின் பங்கு புரியும். களிமண்ணை நீரில் கரைத்துக் குழம்பாக்கி அச்சில் ஊற்றுவர். ஓரளவு உலர்ந்ததும் அச்சிலிருந்து எடுப்பர். இரு பாதி அச்சுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரத் துணியால் துடைத்துச் சமன் செய்ய வேண்டும். மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் உள்ள பொருள் சூளையில் உடைந்துவிடும். பிறகு மெருகு பூசுதல், வண்ணம் தீட்டுதல், சூளையில் சுடுதல், கடைசியில் தரம் பிரித்தல். பொம்மைக்குக் கண் எழுதுவது மிக நுட்பமான வேலை. தூரிகை நுனி சற்று விலகினாலும் முகம் கெட்டுவிடும்.

சூளையில் அடுக்குவதும் சுமப்பதும் தவிர, இவ்வேலைகள் பெரும்பாலும் முகத்திலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை அடி தொலைவுக்குள் நடப்பவை. வெள்ளெழுத்து முதலில் பறிப்பது இந்தத் தொலைவைத்தான். இருபது, முப்பது ஆண்டு அனுபவத்தால் கை மிகவும் தேர்ந்திருக்கும் வயதில் கண் பின்வாங்குகிறது. பொம்மைக்குக் கண் எழுதியவர் மண் பிசையும் வேலைக்கோ சுமை தூக்கும் வேலைக்கோ மாற நேர்ந்தால், அவர் இழப்பது கூலியை மட்டுமன்று. வாழ்நாள் முழுவதும் கற்ற தொழிலையும் இழக்கிறார். தையல், நெசவு, பூக்கட்டுதல், முந்திரிப் பருப்புத் தோல் உரித்துத் தரம் பிரித்தல் என இவ்வட்டாரத்திலும் தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் உள்ள பல கைத்தொழில்களுக்கும் இது பொருந்தும்.

வெள்ளெழுத்து எவ்வாறு ஏற்படுகிறது

கண்ணின் கருமணிக்குப் பின்னால் ஒளி ஊடுருவும் வில்லை ஒன்று உள்ளது. தொலைவில் உள்ளதைப் பார்க்கும்போது அது தட்டையாகவும், அருகில் உள்ளதைப் பார்க்கும்போது தடித்தும் வடிவம் மாறுகிறது. வில்லையைச் சுற்றியுள்ள சிறு தசை இதை நிகழ்த்துகிறது. இவ்வாறு குவியத்தை மாற்றிக்கொள்ளும் திறனைத் தகவமைத்தல் என்பர்.

குழந்தைப் பருவத்தில் வில்லை மிகவும் நெகிழ்வாக இருக்கும். பத்து வயதுச் சிறுவன் தன் மூக்குக்கு அருகில், ஏழெட்டு சென்டிமீட்டர் தொலைவில் உள்ள எழுத்தையும் படித்துவிடுவான். வயது ஏற ஏற வில்லை இறுகுகிறது. நாற்பத்தைந்து வயதை ஒட்டித் தெளிவாகக் காணக்கூடிய மிக அருகிய தொலைவு ஒரு அடி அளவுக்குத் தள்ளிப் போகிறது. அறுபதில் அது ஏறத்தாழ ஒரு மீட்டராகிவிடுகிறது. அதனால்தான் நாளிதழைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பது நடுவயதின் முதல் அடையாளமாக இருக்கிறது. ஒரு கட்டத்தில் கையின் நீளம் போதாமல் போகிறது.

பார்வைக் குறைகள் எல்லாம் ஒன்றல்ல. கிட்டப்பார்வை உள்ளவருக்குத் தொலைவில் உள்ளது மங்கும். தூரப்பார்வை உள்ளவருக்கு அருகில் உள்ளதைப் பார்ப்பது கடினம். கருவிழியின் வளைவு சீராக இல்லாவிட்டால் எத்தொலைவிலும் உருவம் கலங்கும். இதைச் சிதறல் பார்வை என்பர். இவை இளம் வயதிலேயே தொடங்கக்கூடியவை, சிலருக்கு மட்டும் ஏற்படுபவை. வெள்ளெழுத்தோ வயதானவர் அனைவருக்கும் வருவது. கண்புரை இவற்றிலிருந்து வேறானது. அதில் வில்லையே ஒளி புகாதவாறு வெளுத்துவிடுகிறது. கண்ணாடியால் கண்புரையைத் தீர்க்க இயலாது; அறுவைச் சிகிச்சை தேவை.

கண்ணாடி செய்வது என்ன

கண்ணின் வில்லை இழந்த தடிப்பை வெளியில் இருந்து ஈடு செய்வதே படிக்கும் கண்ணாடியின் வேலை. அதன் திறனை டயாப்டர் என்ற அலகால் அளக்கின்றனர். குவியத் தொலைவை மீட்டரில் எடுத்து, 1-ஐ அதனால் வகுத்தால் கிடைப்பது டயாப்டர். 50 சென்டிமீட்டர், அதாவது அரை மீட்டர் குவியத் தொலைவு உடைய வில்லையின் திறன் +2. கடையில் சொல்லும் பவர் என்பது இதுவே.

ஒருவர் 40 சென்டிமீட்டர் தொலைவில் வேலை செய்தால் அவருக்குத் தேவையான மொத்தத் திறன் 2.5 டயாப்டர். நாற்பது வயதில் இதில் பெரும்பகுதியைக் கண்ணே தந்துவிடும். +1 கண்ணாடி போதும். ஐம்பதில் +2 அளவு தேவைப்படும். அறுபதில் +2.5 அல்லது +3 தேவைப்படலாம். அதன் பிறகு பெரிய மாற்றம் இராது. தொலைப்பார்வையில் குறை இல்லாதவர்களுக்கு இது பொதுவான கணக்கு.

இந்தக் கணக்கில் ஒரு முக்கியமான உண்மை உள்ளது. வெள்ளெழுத்துக்குத் தேவையான திறன்கள் +1 முதல் +3 வரை சில படிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. பெரும்பாலோருக்கு இரு கண்ணுக்கும் ஒரே அளவே பொருந்துகிறது. ஆகவே செருப்புக்கடையில் அளவு பார்த்து எடுப்பதுபோல், முன்பே செய்து வைத்த கண்ணாடிகளில் பொருந்துவதை எடுத்துக்கொள்ள முடியும். இவற்றை ஆயத்தக் கண்ணாடிகள் எனலாம். இது வெள்ளெழுத்துக் கண்ணாடியை மலிவாக்குகிறது. கிட்டப்பார்வைக்கும் சிதறல் பார்வைக்கும் இவ்வாறு செய்ய இயலாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அளந்து வில்லையைத் தேய்த்துச் செய்ய வேண்டும்.

எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை

உலகச் சுகாதார நிறுவனம் 2019 அக்டோபரில் பார்வை குறித்த தனது முதல் உலக அறிக்கையை வெளியிட்டது. அதன்படி உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது. அவர்களுள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் தீர்க்கப்படாமல் இருப்பது. இந்த 100 கோடியில் மிகப் பெரிய பங்கு வெள்ளெழுத்தினுடையது: 82.6 கோடிப் பேர். உலகில் வெள்ளெழுத்து உள்ளவர் மொத்தம் 180 கோடி என்பது 2015-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு. அவ்வாறாயின், கண்ணாடி தேவைப்படுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஏற்ற கண்ணாடி இல்லை.

இந்தப் பற்றாக்குறை உலகெங்கும் ஒரே அளவில் இல்லை. வருமானம் மிகுந்த நாடுகளில் தீர்க்கப்படாத அருகுப் பார்வைக் குறை 10 விழுக்காட்டுக்கும் கீழே உள்ளது. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் மேற்கு, கிழக்கு, நடுப் பகுதிகளில் அது 80 விழுக்காட்டுக்கும் மேல். உலகெங்கும் எல்லாக் கண்களும் ஒரே விதமாகத்தான் மூப்படைகின்றன. ஆகவே இந்த வேறுபாடு கண்ணில் இல்லை. கண்ணாடி சென்று சேரும் வழியில் உள்ளது. தீர்க்கப்படாத பார்வைக் குறையால் உலகில் ஆண்டுதோறும் ஏற்படும் உற்பத்தி இழப்பு சுமார் 41,100 கோடி அமெரிக்க டாலர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

கண்ணாடி ஏன் சென்று சேர்வதில்லை

விலை: ஆயத்தக் கண்ணாடியை நடைபாதைக் கடையிலும் திருவிழாக் கடையிலும் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஆனால் குறைந்த விலை என்பது யாருக்கு என்ற கேள்வி உள்ளது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். நாள் ஒன்றுக்கு 40 ரூபாய் என்றாகிறது. ஒரு கண்ணாடி 150 ரூபாய் எனக் கொண்டால், அது ஏறத்தாழ நான்கு நாள் வாழ்க்கைச் செலவு. கண்ணாடிக் கடையில் அளந்து செய்தால் பல நூறு ரூபாய் ஆகும். அது அரை மாத உதவித்தொகையை விழுங்கிவிடலாம்.

பயணமும் கூலி இழப்பும்: கண்ணாடியின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதியே. விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள சிற்றூரில் இருப்பவர் பெரிய கண் மருத்துவமனையை நாடிக் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ செல்ல வேண்டும் என்றால், ஒரு நாள் முழுதும் போய்விடும். சோதனைக்கு ஒரு நாள், கண்ணாடி வாங்க மற்றொரு நாள் என்றால் இரண்டு நாள் கூலி போகும். தனியே செல்ல இயலாத முதியவருக்குத் துணையாக மகனோ மகளோ பேரனோ சென்றால் அவர்களின் கூலியும் சேரும். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது குறுந்தொலைவுப் பயணச் செலவைக் குறைத்துள்ளது. ஆனால் பேருந்துக் கட்டணம் இல்லாவிட்டாலும் கூலி இழப்பு இருந்துகொண்டே இருக்கிறது.

ஆள் பற்றாக்குறை: கண்ணை அளந்து கண்ணாடி எழுதித் தரப் பயிற்சி பெற்றவர் தேவை. வருமானம் குறைந்த நாடுகளில் கண் மருத்துவர்களும் பார்வை அளவையாளர்களும் மிகச் சிலரே. இருப்பவர்களும் பெருநகரங்களில் குவிந்துள்ளனர்.

எண்ணம்: இது கண்ணுக்குத் தெரியாத தடை. "வயசானா அப்படித்தான்" என்ற ஒரு சொல்லில் பலர் தம் தேவையை மூடிவிடுகின்றனர். கண் மெல்ல மெல்ல மங்குவதால், எந்த நாளில் பார்வை போயிற்று என்று அவர்களுக்கே தெரிவதில்லை. இந்த வயதில் எனக்கு எதற்குச் செலவு என்று மூத்த பெண்கள் விலகிக்கொள்வதும் உண்டு. கண்ணாடி போட்டால் கண் மேலும் கெடும் என்ற தவறான நம்பிக்கையும் பரவலாக உள்ளது. உண்மையில் பவர் கூடுவது வயதால், கண்ணாடியால் அன்று. கண்ணாடி போடாமல் இருந்தாலும் வில்லை இறுகத்தான் செய்யும்.

படிக்காதவருக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்பவரும் உண்டு. அரிசியில் கல் பொறுக்க, ஊசியில் நூல் கோக்க, கீரையில் புழு பார்க்க, கைபேசியில் எண்ணைத் தட்ட, ரூபாய்த் தாளை அடையாளம் காண, மாத்திரை அட்டைகளை மாற்றி எடுக்காமல் இருக்க, பேரப்பிள்ளையின் காலில் தைத்த முள்ளை எடுக்க அருகுப் பார்வை வேண்டும். படித்தவர்களுக்கு மற்றோர் இழப்பும் சேர்கிறது. நன்றாகக் கையெழுத்துப் போடத் தெரிந்த முதியவர், தாளில் உள்ள கோடு தெரியாததால் பெருவிரல் ரேகை வைக்கிறார். படிக்கத் தெரிந்தவர், தாம் எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்று அறியாமலே தாளை நீட்டுகிறார்.

கண்ணாடியும் கூலியும்: இரு ஆய்வுகள்

கண்ணாடி கொடுத்தால் வேலை உண்மையிலேயே கூடுகிறதா என்பதை அளந்த ஆய்வுகள் அண்மையில்தான் வந்தன. முதல் பெரிய ஆய்வு அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நடந்து, 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று. நாற்பது வயதைக் கடந்த, வெள்ளெழுத்து உள்ள 751 தேயிலை பறிப்போரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு உடனே கண்ணாடி தரப்பட்டது. மற்றக் குழுவுக்கு ஆய்வு முடிந்தபின் தரப்பட்டது. தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொருவரும் நாள்தோறும் பறித்த இலையை எடை போட்டுப் பதிவு செய்வது வழக்கம் என்பதால் விளைவை அளப்பது எளிதாயிற்று. கண்ணாடி பெற்றவர்களின் பறிப்பு, பெறாதவர்களைக் காட்டிலும் 21.7 விழுக்காடு கூடியது. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் உயர்வு 31.6 விழுக்காடு.

இரண்டாவது ஆய்வு வங்கதேசத்தின் 56 சிற்றூர்களில் நடந்தது. 2024-இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியானது. அதில் 35 முதல் 65 வயது வரையிலான 824 பேர் பங்கேற்றனர். எட்டு மாதங்களுக்குப் பின், ஆயத்தக் கண்ணாடி பெற்றவர்களின் நடுமட்ட மாத வருமானம் 35.3 டாலரிலிருந்து 47.1 டாலராக உயர்ந்திருந்தது. இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்வு.

தேயிலைக் கொழுந்தை முற்றிய இலையிலிருந்து பிரித்துக் கிள்ளும் கண்ணும், பீங்கானில் மயிரிழை விரிசலைத் தேடும் கண்ணும் செய்வது ஒரே வகை வேலைதான். ஆகவே கைத்தொழில் நகரங்களுக்கு இவ்வாய்வுகள் நேரடியாகப் பொருள் தருகின்றன. முதியவருக்குக் கண்ணாடி தருவது கருணைச் செயல் என்று மட்டும் கருதப்பட்டு வந்தது. அது சில வாரங்களில் தன் விலையை ஈட்டித் தரும் ஒரு தொழிற்கருவி என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

தமிழ்நாட்டு வழி: முகாமிலிருந்து பார்வை மையம் வரை

கண் மருத்துவத்தை மலிவாக்கியதில் உலகம் திரும்பிப் பார்க்கும் முன்மாதிரி தமிழ்நாட்டில் உள்ளது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, தம் 58-ஆம் வயதில், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க முடிந்தவர்களிடம் பெறும் கட்டணத்தைக் கொண்டு, முடியாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை தருவது அதன் அடிப்படை. 1992-இல் தொடங்கப்பட்ட அதன் ஆரோலேப் தொழிற்கூடம், கண்புரை அறுவையில் வைக்கும் செயற்கை வில்லையை மிகக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. 2003-இல் புதுச்சேரியில் அரவிந்த் மருத்துவமனை திறக்கப்பட்டதும் கடலூர் மாவட்டத்தாருக்கு அச்சேவை அருகில் வந்தது.

ஊர் ஊராகக் கண் முகாம் நடத்துவது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். அரவிந்த் முகாம்களில் ஒரு முக்கியமான மாற்றம் செய்யப்பட்டது. சோதனை செய்து சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தால், பலர் கண்ணாடி வாங்குவதில்லை. ஆகவே சட்டங்களையும் வில்லைகளையும் தேய்ப்புக் கருவியையும் முகாமுக்கே கொண்டு சென்று, அங்கேயே கண்ணாடியைப் பொருத்தித் தரத் தொடங்கினர். இரண்டாவது பயணமும் இரண்டாவது கூலி இழப்பும் இதனால் ஒழிந்தன.

அப்படியும் முகாமுக்கு வருவோர் சிலரே. கண் குறை உள்ளவர்களில் சுமார் 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வருகின்றனர் என்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. முகாம் ஆண்டில் ஒரு நாள் வந்து போவது. அன்று அறுவடை இருந்தால், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால், வாய்ப்பு போய்விடும். இதை உணர்ந்து 2004 முதல் சிறு நகரங்களில் நிலையான பார்வை மையங்களைத் திறந்தனர். அங்கே மருத்துவர் இருப்பதில்லை. சுற்று வட்டாரத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்சி அளித்து நியமிக்கின்றனர். அவர்கள் கண்ணை அளந்து, படம் எடுத்து, இணையம் வழியாகத் தாய் மருத்துவமனையில் உள்ள மருத்துவருக்குக் காட்டுகின்றனர். மருத்துவர் நோயாளியுடன் திரையில் பேசுகிறார். கண்ணாடி வேண்டியவர் சிறு கட்டணத்தில் அங்கேயே வாங்கிக்கொள்கிறார். அறுவை வேண்டியவர் மட்டும் பெரிய மருத்துவமனைக்குச் செல்கிறார். இப்போது இத்தகைய மையங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை இயங்குகின்றன.

அரசுத் திட்டங்கள்

இந்தியா 1976-இல் பார்வை இழப்புத் தடுப்புத் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. உலக நாடுகளில் இது முன்னோடித் திட்டங்களுள் ஒன்று. தொடக்கம் முதல் அதன் முதன்மை நோக்கம் கண்புரை அறுவை. அதற்குக் காரணமும் உண்டு: 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வின்படி, ஐம்பது வயதைக் கடந்தவர்களின் பார்வை இழப்பில் 66.2 விழுக்காட்டுக்குக் கண்புரையே காரணம். பின்னாளில் பள்ளி மாணவருக்கும், வெள்ளெழுத்து உள்ள முதியோருக்கும் இலவசக் கண்ணாடி வழங்குவது இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது. மாவட்ட அளவில் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கங்கள் வழியாக இது நடைபெறுகிறது. அரசு மருத்துவமனையிலும் வட்டார அளவிலான ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் உள்ள கண் மருத்துவ உதவியாளர் கண்ணை அளந்து பரிந்துரைக்கலாம்.

தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம் பள்ளி மாணவரின் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி தருவது. 2017-இல் ஒன்றிய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள 60 வயது கடந்தோருக்கு ஊன்றுகோல், காது கேட்கும் கருவி, செயற்கைப் பல் ஆகியவற்றுடன் மூக்குக்கண்ணாடியும் இலவசமாக வழங்கப்படுகிறது. 2025 செப்டம்பரில் பார்வைக் கண்ணாடிக்கான சரக்கு, சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

மாணவரைப் பள்ளியில் ஒரே இடத்தில் சந்திக்கலாம். முதியவருக்கு அத்தகைய இடம் இல்லை. அவர் வீட்டுத் திண்ணையில், வயலில், கூடத்தில், நூறு நாள் வேலையிடத்தில் இருக்கிறார். ஆகவே முதியோருக்கான திட்டம் அவர் இருக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மருந்து தருகிறது. வீடு தேடி வரும் ஒருவர் கையில் ஒரு சிறு சோதனை அட்டையும் ஐந்து அளவுக் கண்ணாடிகளும் இருந்தால், வெள்ளெழுத்துக்குத் தேவையான பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும்.

பிற நாடுகளின் முயற்சிகள்

2001-இல் தொடங்கிய விஷன்ஸ்பிரிங் என்ற தொண்டு நிறுவனம், சிற்றூர்ப் பெண்களுக்குப் பயிற்சியும் கண்ணாடிப் பெட்டியும் தந்து, அவர்களே வீடு வீடாகச் சென்று சோதித்து விற்கும் முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் அது பணியாற்றுகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆசிரியர் மார்ட்டின் ஆஃப்முத், எஃகுக் கம்பியை வளைத்துச் சட்டம் செய்யும் கைக்கருவி ஒன்றை உருவாக்கினார். மின்சாரம் இல்லாத ஊரிலும் அதனால் கண்ணாடி செய்யலாம். மூலப்பொருள் செலவு ஒரு டாலர் அளவே. ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஜோஷுவா சில்வர், வில்லைக்குள் திரவத்தைக் கூட்டியும் குறைத்தும் அணிபவரே பவரை மாற்றிக்கொள்ளும் கண்ணாடியை வடிவமைத்தார்.

2021-இல் உலகச் சுகாதாரப் பேரவை ஓர் இலக்கை ஏற்றது: ஏற்ற கண்ணாடி பெற்றவரின் பங்கை 2030-க்குள் 40 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்துவது. அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, அனைவருக்கும் பார்வை என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. 2024 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் ஸ்பெக்ஸ் 2030 என்ற திட்டத்தைத் தொடங்கியது. சேவை, பணியாளர், விழிப்புணர்வு, விலை, கண்காணிப்பு என்ற ஐந்தும் அதன் தூண்கள். விலை இவ்வைந்தில் ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது.

ஆயத்தக் கண்ணாடியின் எல்லை

ஆயத்தக் கண்ணாடி பயனுள்ளது. ஆனால் அது கண் சோதனைக்கு மாற்று ஆகாது. கீழ்க்கண்ட நிலைகளில் கட்டாயம் மருத்துவரைக் காண வேண்டும்:

- தொலைவில் உள்ளதும் மங்கினால், அல்லது இரு கண்ணுக்கும் பார்வை வேறுபட்டால்.
- சர்க்கரை நோய் இருந்தால். இந்நோய் விழித்திரையைப் பாதிக்கும். இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் தற்காலிகமாக மாறும்.
- குடும்பத்தில் யாருக்கேனும் கண் நீர் அழுத்த நோய் இருந்தால். இது வலியின்றிப் பக்கப் பார்வையை மெல்லப் பறிக்கும்; போன பார்வை திரும்பாது. நடுப் பார்வை கடைசி வரை நன்றாக இருப்பதால் கண்ணாடி போட்டு எழுத்தைப் படித்துக்கொண்டே இருப்பார்கள்.
- நெடுநாள் கண்ணாடி அணிந்த முதியவர், "இப்போது கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது" என்று மகிழ்ந்தால். இது பெரும்பாலும் கண்புரையின் தொடக்கம். வில்லையின் நடுப்பகுதி தடித்துக் கிட்டப்பார்வை உண்டாவதால் இவ்வாறு நேரும்.
- திடீரெனப் பார்வை குறைந்தால், கண் சிவந்து வலித்தால், ஒளிக்கீற்றுகள் தெரிந்தால்.

கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் படிக்கும் கண்ணாடி தேவைப்படும். வழக்கமாக வைக்கும் செயற்கை வில்லை ஒரே தொலைவுக்குக் குவிவது, அது நெகிழாது. அறுவை செய்தும் பக்கத்தில் தெரியவில்லையே என்று கவலைப்படும் முதியவரிடம் இதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

சூளை முன் வேலை செய்வோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். கனலும் உலையை ஆண்டுக்கணக்கில் உற்று நோக்குவதால் அகச்சிவப்புக் கதிர் கண்ணின் வில்லையைப் பாதித்துக் கண்புரையை உண்டாக்கலாம். கண்ணாடி ஊதும் தொழிலாளரிடம் இது நெடுங்காலமாக அறியப்பட்டது. படிக்கும் கண்ணாடி இதைத் தடுக்காது. சூளைக்குள் பார்க்கும்போது அதற்கென உள்ள நிறப் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை

மாணவர்கள் தம் வீட்டில் உள்ள தாத்தா, பாட்டி, பெற்றோரின் அருகுப் பார்வையை எளிதாக அறியலாம். பகல் வெளிச்சத்தில், கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டர் தொலைவில், அதாவது முழங்கையிலிருந்து விரல் நுனி வரையிலான ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த தொலைவில், நாளிதழைப் பிடித்துச் செய்தி எழுத்தைப் படிக்கச் சொல்ல வேண்டும். முதலில் இரு கண்ணாலும், பிறகு ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி மற்றொன்றாலும் பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஊசியையும் நூலையும் கொடுக்கலாம். அல்லது முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல்லைக் காட்டச் சொல்லலாம். பின்னர் தெருவின் எதிர்ப்பக்கப் பெயர்ப்பலகையைக் காட்டித் தொலைப்பார்வையையும் கேட்க வேண்டும்.

தொலைவில் தெளிவாகவும் அருகில் மங்கலாகவும் இருந்தால் அது பெரும்பாலும் வெள்ளெழுத்து. இரண்டும் மங்கினால் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை. கண்ணாடி தேர்வு செய்யும்போது அவர் வழக்கமாக வேலை செய்யும் தொலைவில் வைத்துப் பார்க்க வேண்டும். தையல்காரருக்கும் பீங்கானில் வண்ணம் தீட்டுபவருக்கும் தேவையான தொலைவு ஒன்றாக இராது. தெளிவாகத் தெரியும் அளவுகளுள் குறைந்த பவரையே எடுக்க வேண்டும். அணிந்துகொண்டு படி இறங்கக் கூடாது. படிக்கும் கண்ணாடியில் தரை மங்கித் தெரிவதால் விழ நேரிடும்.

உதவித்தொகைக்கும் மருந்துக்கும் முதியவரை அழைத்துச் செல்லும் நாளிலேயே அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கும் அழைத்துச் சென்றால் தனிப் பயணம் தேவைப்படாது. "உங்களுக்குக் கண் தெரிகிறதா?" என்று கேட்டால் தெரிகிறது என்றே பலரும் சொல்வார்கள். "இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துக் காட்டுங்கள்" என்று ஒரு மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். முதியோருக்குக் கண்ணாடி கிடைப்பதற்கான முதற்படி, வீட்டில் யாரேனும் ஒருவர் அவ்வாறு கேட்பதே.